அரை டேங்க் சமாதானம்

பெட்ரோலும் கெட்டுப்போகும் என்பதை எங்கள் ஊர் ஒலிபெருக்கி மூலமாகத்தான் தெரிந்துகொண்டது.

பழைய இயந்திரங்களின் வருடாந்தரக் கண்காட்சி அன்று. ரோடு உருளை, கதிரடிக்கும் இயந்திரம், கரி பூசிய ஜெனரேட்டர் என்று ஒவ்வொன்றாக மேடைக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தன. "அடுத்து வருவது, அண்ணன் தம்பி இருவரும் கண்ணின் மணியாகக் காத்துவரும் சிவப்பு டிராக்டர்" என்று அறிவிப்பாளர் சொல்லி வாய் மூடவில்லை. கண்ணின் மணி இரண்டு முறை இருமியது, கரும்புகையாக ஓர் ஏப்பம் விட்டது, மேடைக்கு நேர் எதிரே நின்றுவிட்டது. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஒன்றின் முதுகை ஒன்று முகர்ந்துகொண்டு நின்றன. அறிவிப்பாளர் நல்ல மனிதர், பேசாமல் இருந்திருக்கலாம். "வயசாயிடுச்சு இல்லையா, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கட்டும்" என்று மைக்கில் ஆறுதல் சொன்னார். சொன்னது வண்டியையா, அதன்மேல் இருந்தவர்களையா என்று கூட்டத்துக்குச் சந்தேகம் வந்தது. இரண்டுக்கும் சேர்த்தே சிரித்து வைத்தது.

ஓட்டி வந்தவர் அண்ணன். ஆயுள் முழுக்க மருந்துக்கடை நடத்தியவர். கடையை அவர் விட்டாலும் கடை அவரை விடவில்லை. எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் திருப்பிப் பார்த்துக் காலாவதித் தேதியைத் தேடுவார். ஒருமுறை பிறந்தநாள் விருந்துக்குப் போன வீட்டில் பரிமாறிய ஜாம் பாட்டிலைத் திருப்பிப் பார்த்து, வாயில் வைத்ததை அத்தனை பேர் முன்னாலும் துப்பியிருக்கிறார். ஊரில் அவருக்குக் 'காலாவதி' என்று பெயர்.

பின்னால் நின்று கூட்டத்துக்குக் கையசைத்தபடி வந்தவர் தம்பி. தீயணைப்பு நிலையத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் மணமக்களைப் பார்ப்பதற்கு முன் அவசர வழி எந்தப் பக்கம் என்று பார்ப்பார். மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கும் மேசையில் உட்கார மாட்டார். அவருக்கு 'அபாயம்' என்று பெயர். இரண்டு பெயரையும் வைத்தவன் யார் என்று தெரியவில்லை. தெரிந்தால் அவனுக்கு ஒரு சால்வை போர்த்தலாம்.

அடுத்தடுத்த வீடுகள். பின்பக்கம் இருவருக்கும் பொதுவாகத் தகரக் கொட்டகை ஒன்று. அதில் அப்பா விட்டுப்போன இரண்டு டிராக்டர்கள். நிலத்தை விற்கும்போது வராத கண்ணீர் டிராக்டரை விற்கும் பேச்சு வந்தபோது இருவருக்கும் வந்ததால் அவை தங்கிவிட்டன. ஒன்று நீல நிற டீசல் வண்டி. டீசல் அவ்வளவு சீக்கிரம் கெடாது, அடியில் தண்ணீர் சேராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று இருவரும் ஒரே மாதிரி நினைத்தார்கள். அதனால் அதைப் பற்றிச் சொல்ல இந்தக் கதையில் ஒன்றுமில்லை. இன்னொன்று இந்தச் சிவப்பு பெட்ரோல் வண்டி. கைப்பிடியைச் சுழற்றிக் கிளப்பும் காலத்து வண்டி. கண்காட்சிக்கு ஒருமுறை வெளியே வரும். மற்றபடி கொட்டகையில் கோணிச்சாக்கைப் போர்த்திக்கொண்டு தூங்கும்.

மறுநாள் மெக்கானிக் வந்து கார்பரேட்டரைக் கழற்றினார். உள்ளே தேன் நிறத்தில் பிசின் போல ஏதோ ஒட்டியிருந்தது. கொட்டகை முழுக்கப் பழைய வார்னிஷ் நாற்றம். இந்தப் பெட்ரோலை எப்போது ஊற்றினீர்கள் என்று அவர் கேட்டார். அண்ணன் தம்பியைப் பார்த்தார், தம்பி அண்ணனைப் பார்த்தார். போன கண்காட்சிக்கா, அதற்கு முந்தியதற்கா என்று அவர்களுக்குள்ளேயே ஒரு கருத்தரங்கம் நடந்தது. முடிவு கிடைக்கவில்லை.

இப்போது வரும் பெட்ரோலில் ஆல்கஹால் கலக்கிறார்கள், அது காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சும், ரொம்ப நாள் நின்றால் தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கும், மேலே இருப்பது ஆவியாகிப் பிசினாகும் என்றார் மெக்கானிக். அப்படியானால் ஆல்கஹால் கலக்காத பெட்ரோலாகத் தேடி வாங்கி, கெடாமல் இருக்க மருந்து கலந்து, காற்றுக்கு இடமில்லாமல் கழுத்து வரை நிரப்பி வைக்க வேண்டும் என்றார் அண்ணன். சரிதான் என்றார் மெக்கானிக். அதெல்லாம் வேண்டாம், ஓட்டி முடித்ததும் டேங்கையே காலி செய்து, கார்பரேட்டரில் ஒரு சொட்டு இல்லாமல் எரித்துத் தீர்த்துவிட வேண்டும் என்றார் தம்பி. அதுவும் சரிதான் என்றார் மெக்கானிக். இரண்டு கட்சிக்கும் தலையாட்டியே தொழிலில் நிலைத்தவர் அவர். டேங்கைக் கழுவித் துடைத்து, காலியாகவே மூடி வைத்துவிட்டு, நெருப்பைப் பற்றவைத்த திருப்தியோடு போனார்.

அன்று முதல் இரண்டு வீட்டிலும் வேறு பேச்சு இல்லை. காலாவதி படிக்க ஆரம்பித்தார். மருந்துச் சீட்டில் டாக்டர்களின் கையெழுத்தையே படித்தவருக்குப் பெட்ரோல் என்ன பெரிய விஷயம். மரம் அறுக்கும் ரம்பத்துக்கு என்று தகர டின்னில் அடைத்து விற்கிறார்களாம் ஒரு பெட்ரோல், வாசனையே இருக்காதாம், வருடக்கணக்கில் கெடாதாம் என்று அதன் புகழைப் பாடினார். அபாயம் பதிலுக்குப் புள்ளிவிவரம் எதுவும் படிக்கவில்லை. தான் அணைத்த தீ ஒவ்வொன்றையும் நினைவிலிருந்து மறுபடி பற்றவைத்துக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் அண்ணன் வீட்டில் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். அன்று சாப்பாடு ஆறிப்போனது.

"மருந்தா இருந்தாலும் பெட்ரோலா இருந்தாலும் விதி ஒண்ணுதான்டா" என்றார் அண்ணன். "நல்ல சரக்கா வாங்கு, காத்து போகாம மூடி வை."

"பெட்ரோல் கெடாம இருக்க ஒரே வழி பெட்ரோலே இல்லாம இருக்கறதுதான் அண்ணே."

"அப்ப சொத்தை விழக்கூடாதுன்னு எல்லாப் பல்லையும் பிடுங்கிடலாமா?"

"நான் எத்தனையோ கொட்டகை எரிஞ்சதைப் பார்த்திருக்கேன். ஒவ்வொண்ணுலயும் யாரோ ஒரு புத்திசாலி நல்ல சரக்கா வாங்கி மூடி வச்சிருந்தான்."

அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். தம்பி எழுவதற்கு முன் எல்லா ஜன்னலும் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு எழுந்தார்.

இங்கே இரண்டு மனைவிமார்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அண்ணி, அதாவது காலாவதியின் மனைவி, தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்தவர். இரண்டு முனையிலும் பேசுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று காதில் விழும். விழாதது போல் இருக்க வேண்டும். அந்தத் தொழில் தர்மத்தைக் குடும்ப வாழ்க்கையிலும் கடைப்பிடித்தார். தம்பி மனைவி நர்ஸ். ஒரு சின்ன காரை வைத்துக்கொண்டு, எழுந்து நடமாட முடியாதவர்கள் வீடு வீடாகப் போய் ஊசி போட்டு, புண்ணுக்கு மருந்து கட்டிவிட்டு வருபவர். ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையும் என்று உலகம் எதிர்பார்க்கும். இவர்கள் அந்த வேலையைக் கணவன்மார்களிடம் ஒப்படைத்துவிட்டுச் சிநேகமாக இருந்தார்கள்.

அண்ணிதான் அன்று தீர்ப்புச் சொன்னார். அடுத்த கண்காட்சி வரைக்கும் இரண்டு பேருமே அந்த வண்டியைத் தொட வேண்டாம். டேங்க் காலியாகவே இருக்கட்டும். கண்காட்சி அன்று புதுப் பெட்ரோல் ஊற்றிக்கொள்ளலாம். தம்பிக்கு இது தன் வெற்றியாகப் பட்டதால் உடனே தலையாட்டினார். அண்ணனும் தலையாட்டினார். அதுதான் சந்தேகப்பட வேண்டிய விஷயம். யாரும் சந்தேகப்படவில்லை.

அபாயம் வாரத்தில் ஒருநாள் தொழிற்சாலைகளுக்குப் போய்த் தீத்தடுப்பு வகுப்பு எடுப்பார். அந்த நாள் பார்த்துக் காலாவதி கொட்டகைக்குப் போனார். ஆல்கஹால் இல்லாத பெட்ரோலை எங்கோ தொலைவிலிருந்து வாங்கி வந்திருந்தார். பாதுகாப்பு மருந்தை அளவுக் குவளையில் அளந்து கலந்தார். காலி டேங்க் உள்ளே வேர்க்கும், துருப்பிடிக்கும், அப்பா வண்டி வீணாவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது என்று மனசாட்சிக்கு விளக்கம் கொடுத்தபடி கழுத்து வரை நிரப்பினார். மருந்து கலந்த பெட்ரோல் கார்பரேட்டர் வரைக்கும் போக வேண்டும் என்பதற்காகக் கைப்பிடியைச் சுழற்றிக் கிளப்பி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினார். கோணிச்சாக்கைப் பழையபடி போர்த்தினார். கை கழுவிக்கொண்டு உத்தமராக வீட்டுக்குள் வந்தார்.

சமையலறை ஜன்னலில் அண்ணி நின்றுகொண்டிருந்தார். கொட்டகையும் தெரிந்தது, சத்தமும் கேட்டது. காதில் விழாதது போல் இருந்துவிட்டார்.

அடுத்த சில நாட்களில் ஒரு காலை, காலாவதி நூலகத்துக்குப் பேப்பர் படிக்கப் போயிருந்த நேரம், அபாயம் ஒரு சுத்தியல் எடுக்கக் கொட்டகைக்குள் போனார். மூக்கு அவருக்குத் தொழில் மூக்கு. சாக்கை விலக்கி, மூடியைத் திருகினார். கழுத்து வரை பெட்ரோல். சுற்றிலும் காய்ந்த சாக்கு, மரத்தூள், பழைய பெயிண்ட் டப்பாக்கள். வேறு யாராவதாக இருந்தால் அண்ணனிடம் போய்க் கேட்டிருப்பார்கள். ஆனால் தொடக்கூடாத வண்டியைத் தொட்டு, திறக்கக்கூடாத மூடியைத் திறந்ததால்தானே தெரிந்தது என்று அண்ணன் திருப்பிக் கேட்டால் என்ன செய்வது? அதனால் குடும்ப ஒற்றுமையைக் கருதி ரகசியமாகவே செயல்பட்டார். குழாய் போட்டுப் பெட்ரோலை வடித்தார். வீட்டில் வைத்திருப்பது அபாயம் என்பதால் வடித்ததை வடித்தபடியே மனைவியின் காரில் ஊற்றினார். பிறகு வண்டியைக் கிளப்பி, கார்பரேட்டரில் மிச்சமிருந்ததை எரித்துத் தீர்த்து, இன்ஜின் தானாக நிற்கும் வரை காத்திருந்தார். சாக்கைப் போர்த்தினார்.

அண்ணி ஜன்னலில்தான் இருந்தார்.

காலாவதி அடுத்த வாரம் சோதித்துப் பார்த்தபோது டேங்க் வறண்டு கிடந்தது. முதலில் ஓட்டை என்று நினைத்தார். தரையைத் தடவிப் பார்த்தார். ஆவியாகிவிட்டதோ என்றுகூட யோசித்தார். ஒரு டேங்க் பெட்ரோல் மூடிய மூடிக்குள்ளிருந்து ஆவியாகுமா என்று படித்தும் பார்த்தார். கடைசியில்தான் அவருக்கு ஒரு தம்பி இருப்பது நினைவுக்கு வந்தது. கேட்க முடியாது. கேட்டால், ஊற்றியது யார் என்ற கேள்வி முதலில் வரும். ஆகவே சரக்கு மட்டமானதால்தான் இப்படி அவமானப்பட்டது என்பது போல, இன்னும் உயர்ந்த சரக்காக வாங்கி வந்து ஊற்றினார். ஓடவிட்டு நிறுத்தினார். அவர் நூலகம் போனார். தம்பி வந்து வடித்தார். ஓடவிட்டுத் தீர்த்தார்.

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். இங்கே படையே தம்பிதான். கோடை போய், மழை வந்து, குளிரும் வந்தது. ஒருவர் நிரப்புவதும் மற்றவர் வடிப்பதும் நிற்கவில்லை. ஞாயிறுதோறும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒருவர் தட்டில் ஒருவர் பரிமாறி, அந்த வண்டியைத் தொடாமல் இருப்பது எவ்வளவு நிம்மதி என்று பேசிக்கொண்டார்கள். காலாவதி மெல்ல மெல்ல ரம்பத்துக்கான டின் பெட்ரோலுக்கே வந்து சேர்ந்தார். அந்தச் சின்ன கார் பிறந்ததிலிருந்து அப்படி ஓர் ஆகாரத்தை ருசித்ததில்லை.

நர்ஸுக்கு முதலில் காரின் பெட்ரோல் முள்ளில் கோளாறு என்று பட்டது. காலியாக நிறுத்திய கார் அடுத்த முறை எடுக்கும்போது வயிறு நிறைந்து நின்றது. நோயாளிக்கு ஊசி போடாமலே ரத்தம் ஊறுகிறதென்றால் எந்த நர்ஸும் காரணம் தேடுவாள். அவர் அண்ணியிடம் போய்ச் சொன்னார். அண்ணி காய் நறுக்கிக்கொண்டே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் காட்டினார். அங்கே காலாவதி டின்னைச் சட்டைக்குள் மறைக்கப் பார்த்தபடி கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தார். டின் சட்டையை விடப் பெரியது. நர்ஸ் சிரித்து முடிக்க ரொம்ப நேரமானது. சொல்லிவிடலாமா என்று கேட்டார்.

"எதுக்கு?" என்றார் அண்ணி. "ரெண்டு பேரும் வேளைக்கு நடக்கறாங்க, குனியறாங்க, நிமிர்றாங்க. உன் ஆளு நல்லா தூங்கறாரில்ல?"

நன்றாகத் தூங்குகிறார் என்று நர்ஸ் ஒப்புக்கொண்டார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். வீடு இரண்டுபட்டால் காருக்குக் கொண்டாட்டம் என்று இருவரும் விட்டுவிட்டார்கள். வாரத்தில் ஒருநாள் நர்ஸ் அண்ணியைக் காரில் ஏற்றிக்கொண்டு, அவருடைய பழைய அலுவலகத் தோழிகள் வீட்டில் விட்டு அழைத்துவந்தார். அந்த வருடம் அண்ணிக்குப் போக்குவரத்து வசதி நன்றாக இருந்தது.

கண்காட்சி வந்தது. சிவப்பு டிராக்டர் கைப்பிடியைப் பாதி சுற்றுவதற்குள் கிளம்பியது. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. உழுது பிழைத்த காலத்தில்கூட அது அவ்வளவு அடிக்கடி ஓடியதில்லை. அதன் வயிற்றில் எந்தப் பெட்ரோலும் பழசாகும் அளவுக்குத் தங்கியதுமில்லை. மேடைக்கு முன்னால் அது போன போக்கில் தையல் மிஷின் சத்தம்தான் கேட்டது. சிறந்த பராமரிப்புக்கான கேடயம் கொடுத்தார்கள். அதோடு விட்டிருந்தால் நல்லது. போன வருடம் ஆறுதல் சொன்ன அதே அறிவிப்பாளர் மைக்கை நீட்டி, இதன் ரகசியம் என்ன என்று கேட்டுவிட்டார்.

"சரியான எரிபொருளைத் தேர்ந்தெடுத்து, டேங்க் நிறைய வச்சிருக்கணும்" என்றார் அண்ணன்.

அதே மூச்சில் தம்பி மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். "டேங்க்ல ஒரு சொட்டு இல்லாம வச்சிருக்கணும்."

கூட்டம் இதை ஒரு தத்துவம் என்று நினைத்துக் கைதட்டியது. ஆனால் மேடையில் இருந்த இரண்டு பேருக்கும் தத்துவத்தில் நாட்டமில்லை. அப்படியானால் வருடம் முழுக்க நிரப்பியது யார் என்று அண்ணன் கேட்டார். வருடம் முழுக்க வடித்து, கொட்டகை எரியாமல் காப்பாற்றியது யார் என்று தம்பி கேட்டார். திருடன் என்ற வார்த்தை ஒரு பக்கமிருந்தும், கொள்ளி வைக்கப் பார்த்தவர் என்ற வார்த்தை மறுபக்கமிருந்தும் ஒலிபெருக்கி வழியாக மைதானம் முழுக்கப் போய்ச் சேர்ந்தன. கேடயத்தை யார் பிடித்துக்கொள்வது என்பதில் அதன் ஒரு மூலை உடைந்தது. அறிவிப்பாளர் பாட்டுப் போட்டார்.

அதன்பிறகு பேச்சுவார்த்தை கிடையாது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நின்றது. பேப்பர் படிக்கப் போகும் அண்ணன், தம்பி வீட்டு வாசலைத் தாண்டும்போது மட்டும் எதிர்ப்பக்க மரங்களில் அபூர்வமான பறவை எதையோ தேடினார். நிரப்புவதும் நின்றது, வடிப்பதும் நின்றது. தன் கணவர் தூங்காமல் புரள்வதாக நர்ஸ் சொன்னார். தன் கணவர் பாட்டிலைத் திருப்பித் தேதி பார்ப்பதைக்கூட நிறுத்திவிட்டதாக அண்ணி சொன்னார். அதுதான் இருவருக்கும் உண்மையில் கவலை தந்தது.

பிறகு அபாயம் விழுந்தார். எரியும் கட்டடங்களில் ஏணி வைத்து ஏறி ஆட்களைத் தோளில் தூக்கி இறக்கியவர், சமையலறை முக்காலியில் ஏறிப் புகை எச்சரிக்கைக் கருவிக்கு பேட்டரி மாற்றப் போய், கணுக்கால் எலும்பை முறித்துக்கொண்டார். நர்ஸ் வேலைக்குப் போயிருந்தார். சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தது அண்ணன். செருப்பு மாட்டக்கூட நிற்கவில்லை. தம்பியின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்ததும் வலிக்கு அவர்கள் போட இருந்த மருந்தை வாங்கித் தேதி பார்த்தார். தம்பி அந்த வலியிலும் சிரித்தாராம்.

கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து காலாவதி தினமும் வந்தார். எந்த மாத்திரை எப்போது என்று அவர் சொல்ல, நர்ஸான தம்பி மனைவி வாயை மூடிக்கொண்டு கேட்டார். ஒருநாள் மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார் அண்ணன்.

"யோசிச்சுப் பார்த்தேன். நீ சொல்றதுதான் சரி. காலியாவே வச்சுடலாம்" என்றார்.

"இல்லண்ணே. நீங்க சொல்றதுதான் சரி. நிரப்பியே வைங்க."

"உனக்குப் பயமா இருக்குமேடா."

"உங்களுக்குத் துருப்பிடிக்குமேன்னு மனசு அடிச்சுக்குமே."

இப்படியே ஒருவர் கொள்கையை ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை போராடினார்கள். இதற்கு முன் போட்ட சண்டையே தேவலை என்று பக்கத்து அறையில் இருந்த நர்ஸுக்குத் தோன்றியது. முடிவில், பெரிய மனிதர்கள் கூடும் இடங்களில் எல்லாம் வரும் அதே முடிவுதான் வந்தது. அரை டேங்க். சரக்கு விஷயத்திலும் யாரும் பிடிவாதம் பிடிக்கவில்லை: டின் பெட்ரோல் வேண்டாம், ரொம்ப ஆடம்பரம் என்று அண்ணனே சொன்னார், சாதாரண பங்க் பெட்ரோலே போதும். பாதுகாப்பு மருந்து கலந்தால் தம்பியைக் குத்திக்காட்டுவது போல் இருக்கும் என்று அதையும் விட்டார். ஊற்றிய பிறகு மரியாதை நிமித்தமாக இரண்டு பேரும் கொட்டகைப் பக்கமே போகவில்லை. நான் எட்டிப்பார்த்தால் தம்பியை நம்பாதது போல் ஆகும் என்று அண்ணனும், நான் எட்டிப்பார்த்தால் அண்ணன் மனம் புண்படும் என்று தம்பியும் விலகி நின்றார்கள்.

பாதி பெட்ரோல், பாதி காற்று. ஈரம் உறிஞ்ச ஆல்கஹாலும் உண்டு, உறிஞ்ச ஈரமும் உண்டு. பெட்ரோலைக் கெடுப்பதற்கென்றே ஒரு நிபுணர் குழு உட்கார்ந்து திட்டம் போட்டிருந்தாலும் இதைவிடச் சிறப்பாகச் செய்திருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு திரும்பி வந்தது. இரண்டு வீட்டிலும் அமைதி நிலவியது. கொட்டகைக்குள் தண்ணீர் மெல்ல அடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

மழைக்காலத்தில் ஒரு நாள் விடியும் முன் அடித்த காற்றில், தெருமுனை மரம் வேரோடு சாய்ந்து சந்தின் குறுக்கே விழுந்தது. காரை வெளியே எடுக்க வழியில்லை. நீல டிராக்டர் பெயிண்ட் அடிக்கப் போயிருந்தது. நர்ஸுக்குக் காலையில் முதல் வேலையே, சர்க்கரை நோயால் காலில் புண் வந்து படுத்திருந்த ஒரு பெரியவருக்கு இன்சுலின் போடுவது. அவருக்கு ஊசி நேரம் தவறக் கூடாது.

"இதுக்குத்தானே சிவப்பு வண்டியை வச்சிருக்கோம்" என்று சகோதரர்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். மரத்தை இழுக்கச் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனார்கள். ஒருவர் முடித்ததை மற்றவர் தொடர்ந்து கைப்பிடியைச் சுழற்றினார்கள். வண்டி ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. டேங்குக்கு அடியில் இருந்த கண்ணாடிக் கிண்ணத்தைத் துடைத்துப் பார்த்தால், கீழே தண்ணீர், மேலே தேநீர் நிறத்தில் ஏதோ. நடுவில் துரு மிதந்தது. மூடியைத் திறந்ததும் அந்தப் பழைய வார்னிஷ் நாற்றம் வந்தது. இரண்டு பேரும் அதை முகர்ந்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். நீங்கதான் அண்ணே சொன்னீங்க என்று தம்பியும் சொல்லவில்லை. நீதானேடா சொன்னே என்று அண்ணனும் சொல்லவில்லை. அவ்வளவு நல்ல சமாதானம்.

நர்ஸ் பையைத் தோளில் மாட்டினார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மரத்தின்மேல் ஏறி, கிளைகளுக்கு நடுவே காலை விட்டு, கையைக் கீறிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கினார். இறங்கியவர் திரும்பிப் பார்த்து, "இதுக்கு நீங்க சண்டையே போட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு மழையில் நடந்தார். தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார். பெரியவருக்குத் தலைசுற்றல் வந்து, அவர் மகள் பயந்து அழுதுகொண்டிருந்தாளாம். ஆபத்து இல்லாமல் போனது. அது நர்ஸின் கால்கள் செய்த புண்ணியம். டிராக்டருக்கு அதில் பங்கில்லை.

அன்று சாயங்காலம் அண்ணி கொட்டகைக்கு வந்தார். ஜன்னலிலிருந்து இறங்கி அவர் அங்கே வந்தது அதுவே முதல்முறை. இரண்டு பேரும் கார்பரேட்டரை முன்னால் வைத்துக்கொண்டு சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போல் உட்கார்ந்திருந்தார்கள். அவர் நிதானமாகத் தான் பார்த்தது அத்தனையையும் சொன்னார்: யார் எந்த நாளில் எந்த டின்னோடு வந்தார், யார் எப்போது குழாய் போட்டார், கார் எப்படிக் கொழுத்தது, எல்லாம். தன் டின் பெட்ரோல் தம்பி மனைவியின் காரில் போனது காலாவதிக்கு அப்போதுதான் தெரியும். அபாயம் தரையைப் பார்த்தார்.

"வண்டி நல்லா இருந்தது நிரப்பினதாலயும் இல்ல, வடிச்சதாலயும் இல்ல" என்றார் அண்ணி. "ஓடுச்சு. அதான். இனிமே நீங்க நல்ல பெட்ரோலா வாங்குங்க. தம்பி, நீங்க அதைக் கொஞ்சமா ஊத்துங்க. ஓட்டறது நான்."

அண்ணி சைக்கிள்கூட ஓட்டியதில்லை என்று அண்ணன் நினைவூட்டினார். இத்தனை வருடம் இரண்டு முனையையும் இணைத்துக்கொண்டே இருந்தேன், இனிமேல் கொஞ்சம் நானே எங்காவது போகிறேன் என்றார் அவர்.

மெக்கானிக் வந்து மறுபடி எல்லாவற்றையும் கழுவினார். அம்மா சொல்வது சரிதான் என்றார். ஆல்கஹால் இல்லாத பெட்ரோல், ஒரு வாரம் ஓடுமளவு மட்டும். மீதி டின்னிலேயே, வீட்டுக்கு வெளியே, அபாயம் கட்டிய செங்கல் பெட்டிக்குள், அபாயம் எழுதிய பலகையோடு. வண்டி ஓட்டப் பழக்கும் பொறுப்பை இரண்டு பேரும் சேர்ந்து ஏற்றார்கள். ஒரு பக்கம் ஒருவர், மறுபக்கம் ஒருவராக நடந்துகொண்டு, கிளட்சை விடு என்று ஒருவரும் விடாதே என்று ஒருவரும் சொல்லிக் கொடுத்தார்கள். இன்ஜின் சத்தத்தில் அண்ணிக்கு இரண்டுமே கேட்கவில்லை. அதனால்தான் சீக்கிரம் கற்றுக்கொண்டார்.

முதல் தடவை அவர் தனியாக வெளியே எடுத்த அன்று, வண்டி வேலியை ஒட்டிப் போய், தபால் பெட்டியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, தெருவில் ஏறித் திரும்பி மறைந்தது. அண்ணனும் தம்பியும் வாசலில் நின்றார்கள். சத்தம் தேய்ந்து, பிறகு கேட்காமலே போனது. நேரமாகியும் வரவில்லை. ஊற்றியது அவ்வளவு தூரத்துக்குப் போதாது என்றார் காலாவதி. பிரேக் பிடித்தாரோ இல்லையோ என்றார் அபாயம். ஆளுக்கொரு கவலையைப் பங்கு போட்டுக்கொண்டு நின்றபோது தெருமுனையில் சிவப்பு தெரிந்தது.

அண்ணியோடு அவருடைய தொலைபேசி நிலையத் தோழிகள் இருவரும் இருந்தார்கள். பின்சக்கர மட்கார்டு ஒவ்வொன்றிலும் ஒருவர் உட்கார்ந்துகொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கத்திச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். காலாவதி கதவை அகலத் திறந்து வைத்தார். அபாயம் ஓரமாக ஒதுங்கிச் சைகை காட்டினார். அண்ணி இருவருக்கும் ஒரு கையசைத்துவிட்டு, வேகத்தைக் குறைக்காமல் வாசலைத் தாண்டி நேராக இன்னொரு சுற்றுக்குப் போய்விட்டார்.